சாம்பலில் வைத்த காராமணி

திருமழிசையில் பஸ்ஸை விட்டு இறங்கி, குத்தம்பாக்கம் போகிற சாலையில் யாரை நிறுத்தி, "கடைக்குப் போகாத வீடு எது?" என்று கேட்டாலும் கை காட்டுவார்கள். காட்டும்போதே ஒரு சிரிப்பும் சிரிப்பார்கள். அது கேலியா மரியாதையா என்பது அவர்களுக்கே தெரியாது. வீட்டுக்காரர் பால்ராஜ், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தப் பட்டறையை இழுத்து மூடியபோது மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். இவரோ முதலாளி கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு வந்து, ஏரிக்கரைக்குக் கீழே முள்ளும் கல்லுமாகக் கிடந்த ஒரு துண்டு நிலத்தை வாங்கினார். "எவனோ கதவ சாத்துனான்னு நம்ம வவுறு காயக் கூடாது" என்பது அவர் கொள்கை. கொள்கையில் தப்பில்லை. அதை அவர் கடைப்பிடித்த விதம்தான் கூட இருந்த மனுஷியைப் படுத்தி எடுத்தது.

அந்த மனுஷி ஞானகுமாரி. அவர் மனைவி. பிள்ளைகள் இல்லை.

உப்பு, தீப்பெட்டி, மண்ணெண்ணெய். அந்த வீட்டுக்குக் கடையிலிருந்து வந்தவை இவ்வளவுதான். சோற்றுக்கு நெல் முதற்கொண்டு மற்றதெல்லாம் வேலிக்குள்ளேயே விளைய வேண்டும், வேலிக்குள்ளேயே முடிய வேண்டும். குளித்த தண்ணீர் வாழைக்கு. பாத்திரம் கழுவிய தண்ணீர் சேம்புக்கு. அடுப்புச் சாம்பல் பாதி பாத்திரம் தேய்க்க, பாதி கத்தரிச் செடிக்கு. ஆட்டுப் புழுக்கை, கோழி எச்சம், உதிர்ந்த இலை, தலை வாரினால் சீப்பில் சிக்குகிற முடிகூட ஏதாவது ஒரு மரத்தின் காலடிக்குப் போய்ச் சேரும். கோழிக்குஞ்சுக்குத் தீனி வேண்டுமென்றால் பால்ராஜ் ஓட்டைப் பானையில் சாணியும் வைக்கோலும் ஈரச் சாக்கும் திணித்து மண்மேல் கவிழ்த்து வைப்பார். மறுநாள் தூக்கினால் கரையான் மொய்த்துக் கிடக்கும். குஞ்சுகள் ஓடிவந்து பொறுக்குவதை இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்ப்பார், என்னவோ தானே பெற்றுப்போட்ட கரையான் மாதிரி.

பார்க்க வருகிறவர்களிடம் பேசுவது அவர். சாணி கரைப்பது, குழி மூடுவது, பந்தலுக்குக் கொடி ஏற்றுவது எல்லாம் ஞானகுமாரி. அதில் அவளுக்குக் குறையில்லை. ஒரே ஒரு குறைதான். அவளுக்கு டீ என்றால் உயிர். இந்த நிலத்துக்கு வந்ததிலிருந்து டீ கிடையாது, சுக்குத் தண்ணீர்தான். முதல் வருஷம் கேட்டுப் பார்த்தாள். "டீத்தூள் மரம் நம்ம வேலில மொளைக்கட்டும், அப்பால குடி" என்று சொல்லிவிட்டார். அதோடு கேட்பதை விட்டுவிட்டாள்.

அந்த வீட்டில் பருப்பு என்றால் காராமணிதான். செங்காவி நிறம், கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம், தடித்த கொட்டை. வருஷா வருஷம் கொடியில் நல்ல காயாகப் பார்த்து முற்றவிட்டு, உரித்துக் காயவைத்து, சாம்பலில் புரட்டிப் பானையில் போட்டு, வாயைச் சாணியால் மெழுகி, அடுப்புக்கு மேலே உறியில் தொங்கவிடுவார்கள். புகை பட்டுப் பட்டுப் பானை கறுத்துப்போகும், உள்ளே வண்டு அண்டாது. விதைப்பானையில் எந்தக் காலத்திலும் கை வைக்கக் கூடாது. ஒரு மழைக்காலத்தில் ஏரி நிரம்பி வழிந்து, தோட்டமெல்லாம் முழங்கால் தண்ணீர் நின்றபோது, வெறும் கஞ்சியைக் குடித்துக்கொண்டு தலைக்கு மேலே தொங்கிய பானையை இரண்டு பேரும் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்தார்கள். யாராவது விதை கேட்டால் ஒரு பிடி கொடுப்பார். விளைந்ததும் இரண்டு பிடி திரும்ப வந்தாக வேண்டும். வராவிட்டால் நடுத்தெரு என்றும் பார்க்காமல் மானத்தை வாங்கிவிடுவார்.

அந்த பால்ராஜ் தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு காலை, வாழைக்குழியில் இலை சருகு போடக் குனிந்தவர், நிமிரவில்லை. ஞானகுமாரி சுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தபோது சருகின்மேல் கன்னத்தை வைத்துத் தூங்குகிற மாதிரி கிடந்தார். அவள் செம்பைக் கீழே வைத்தாள். தண்ணீர் சிந்தாமல் வைத்தாள். அது அவளுக்குப் பிறகு அடிக்கடி நினைவுக்கு வந்தது.

அழுகை வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டபோதும் வரவில்லை. அம்பத்தூரிலிருந்து வந்திருந்த அவள் தம்பி வேதமுத்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அவனைத் தட்டிக்கொடுத்தது இவள்தான். நெஞ்சுக்குள் யாரோ ஈரச் சாக்கைத் திணித்து வைத்த மாதிரி இருந்தது. வலிக்கவும் இல்லை, ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் ஜெபத்துக்கு ஆட்கள் வந்தார்கள். பாஸ்டர் வந்தார். வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டும். வேதமுத்துவின் பெண்டாட்டி சாராள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தாள். நல்ல பெண், கை ஓயாது. ஆனால் அம்பத்தூரில் வீட்டுவாசல் தாண்டினால் மளிகைக் கடை என்று வளர்ந்தவள்.

"அண்ணி, ஊட்ல பருப்பு எங்க கீது?"

கூடத்துப் பாயில் சுவரில் சாய்ந்திருந்த ஞானகுமாரி அவளைப் பார்த்தாள்.

"சரி, நீ குந்து அண்ணி. நானே பாத்துக்கறேன். அண்ணனுக்கு கடை சாமான் ஆவாது. அவுரு காரியத்துக்கு அவுரு வெளைவிச்சதுலயே ஆக்கிப் போட்டாதான் அவுரு மனசு குளுரும்."

சாராள் முக்காலியைப் போட்டு ஏறினாள். உறியிலிருந்து பானையை இறக்கினாள். ஞானகுமாரி உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. சாணி மெழுகைக் கரண்டிக் காம்பால் தட்டி உடைத்தாள். முறத்தில் கவிழ்த்தாள். சாம்பல் பறந்தது. சாராள் தும்மினாள். வேண்டாம், அது விதை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை ஞானகுமாரிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தொண்டை வரைக்கும்கூட வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. மூலையில் மணலில் புதைத்து வைத்திருந்த விதைச் சேம்பும் வறுவலுக்குப் போனது. கீரை விதை மட்டும் தப்பித்தது. அதைத் தின்கிற பொருள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டுக் கண்ணம்மா அன்றைக்குக் காலையில் வரவில்லை. அவள் எருமை கன்று போட்டுக்கொண்டிருந்தது. பந்தியின் கடைசியில் வந்து உட்கார்ந்தவள் குழம்பை இலையில் விட்டதும் விரலால் ஒரு கொட்டையைத் தள்ளிப் பார்த்தாள். எழுந்து நேரே ஞானகுமாரியிடம் வந்தாள்.

"இன்னாக்கா இது? இது வெதயாச்சே!"

"ம்."

"பானையோட ஆக்கிட்டாங்களா?"

"ம்."

"நீ பாத்துகினா இருந்தே?"

ஞானகுமாரி தலையசைத்தாள்.

"அட பாவமே! அந்த மனுசன் கஞ்சி குடிச்சிகினு காப்பாத்துனது. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதாக்கா? உங்கிட்ட கேட்டுட்டுதான செஞ்சிருப்பா?"

"கேட்டா."

கண்ணம்மா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துச் சாராள் ஒரு தட்டில் சோறு பிசைந்து எடுத்து வந்தாள்.

"ரெண்டு வாய் துன்னு அண்ணி. மூணு நாளா பச்சத் தண்ணி படல. சாம்பல்ல கெடந்துச்சு, நாலு தண்ணி ஊத்தி கயுவுனேன். வெண்ணெயா வெந்துகீது பாரு."

ஞானகுமாரி சாப்பிட்டாள். விதைக் கொட்டையை அவள் அதுவரை தின்றதில்லை. பொறுக்கி எடுத்த நல்ல கொட்டை, ருசியாகத்தான் இருந்தது. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

ஆவணிக் கடைசியில் ஒரு நாள் வேதமுத்து தனியாக வந்தான். ஆவடியில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. கிணற்றடித் துவைகல்லில் உட்கார்ந்து கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"அக்கா, நா சொல்றத கேளு. ஊட்ட பூட்டிட்டு நம்மூட்டுக்கு வந்துடு."

ஞானகுமாரி ஆட்டுக்கு அகத்தி ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒத்த பொம்பள இந்த ஏரியோரம் இன்னா பண்ணுவே? பாம்பும் தேளும். ராத்திரி ஒடம்புக்கு எதுனா ஒண்ணுன்னா யார கூப்டுவே?"

"கண்ணம்மா கீறா."

"அவளுக்கு எருமையப் பாக்கவே நேரம் பத்தல. அக்கா, மெய்யாலுமே சொல்றேன். மாமா இருந்தாரு, அவுருக்கு ஒரு வெறி. நீ கூட நின்னே. இப்ப யாருக்கோசரம் நீ சாணி கரைச்சிகினு கீறே? போட வெதகூட இல்லன்ற. மய வர்றதுக்குள்ள போடணும்னு நீயே சொல்ற. எஸ்டேட்ல ஒருத்தரு குடோனுக்கு எடம் பாத்துகினு கீறாரு. வாடகைக்கு உட்டுடலாம். சாராளும் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போவப் போறா. ஊட்ல ஒரு பெரிய மனுசி இருந்தா புள்ளைங்களுக்கும் சோறு ஒயுங்கா கெடைக்கும்."

கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் கூச்சப்பட்டான். கெட்டவன் இல்லை. அக்காவைக் கூட்டிப்போக வேண்டும் என்பதும் நிஜம், வீட்டில் சமைக்க ஆள் வேண்டும் என்பதும் நிஜம். ஞானகுமாரிக்கு இரண்டும் புரிந்தது. இங்கே இருந்தால் தனியாக மண்ணைக் கொத்த வேண்டும், அங்கே போனால் தம்பி வீட்டு அடுப்படி. எது வேண்டும் என்று நெஞ்சைக் கேட்டுப் பார்த்தாள். நெஞ்சு பேசவில்லை.

"வர்ற நாயித்துக்கெயம வேன் எடுத்துகினு வர்றேன். சாமான எல்லாம் கட்டி வையி," என்றான் வேதமுத்து.

"சரி," என்றாள். வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே.

அந்த வாரம் முழுக்கக் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. ஒரு பக்கம் பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். இன்னொரு பக்கம், போகப்போகிறோம் என்பதை மறந்து, குளித்த தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிட்டாள், கரையான் பானையைக் கவிழ்த்து வைத்தாள். திருமழிசை எஸ்டேட்டில் சங்கு ஊதும்போது நிமிர்வாள், இரண்டு பேருக்கு உலை வைப்பாள், வைத்த பிறகு ஒரு ஆள் அரிசியை எடுத்துத் திரும்பப் போடுவாள். புரட்டாசி பிறக்கப் போகிறது. மேற்கே மேகம் கட்டி, கட்டி, கலைந்துகொண்டிருந்தது. காராமணிப் பந்தலின் மூங்கில்கள் வெறுமனே நின்றன.

சனிக்கிழமை மத்தியானம் வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு சைனம்பு வந்தாள். பூந்தமல்லிக்காரி. புருஷன் பஷீருதீனுக்குக் கோரைப்பாய்க் கடை. வீட்டுக்குப் பின்னால் கையகலத்துக்கு இடம் இருக்கிறது என்று போன வருஷம் வந்து பால்ராஜிடம் ஒரு பிடி காராமணி வாங்கிப் போனவள். கையில் துணிமூட்டை, வாயில் வெற்றிலை.

"அண்ணாத்தே எங்கக்கா? வந்துட்டேன்னு சொல்லு. ஒரு பிடி குடுத்தாரு, ரெண்டு பிடி கேட்டாரு. நா மூணு பிடியா கொணாந்துகீறேன். இனிமே பூந்தமல்லிக்காரிய வாயி கிழியப் பேசுனாருன்னா பாரு!"

"அவுரு இல்ல சைனம்பு."

"எங்க, டவுனுக்கா? அவுரு டவுனுக்குப் போவ மாட்டாரே."

"செத்துட்டாரு. ஆடில."

சைனம்புவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. வேலியோரம் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். ஞானகுமாரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"யா அல்லா. எனுக்கு ஒரு சேதி வர்லயே. எப்டிக்கா?"

"வாயக்குழியில குனிஞ்சாரு. அவ்ளோதான்."

"நோவாம போய்ட்டாரு."

"ஆமா."

"நீ அயுதியா?"

ஒருவரும் இதுவரை அதைக் கேட்டிருக்கவில்லை. ஞானகுமாரி யோசித்துவிட்டு, "இல்ல," என்றாள்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஆடு அசை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சைனம்பு மூட்டையை எடுத்து ஞானகுமாரியின் மடியில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

"இத்த வாங்கிக்க. மவுத்தானவங்க கடன நம்ம கையில வெச்சிக்கக் கூடாதுக்கா. அது பெரிய பாரம்."

"இதுக்கு இன்னா அவசரம்..."

"இல்லக்கா, வாங்கிக்க. அவுரு கொட்டையே ஒசத்தி. சும்மா காச்சிது பாரு, பந்தல் தாங்கல. எங்கூட்டுக்காரு துன்ட்டு துன்ட்டு அலுத்துட்டாரு."

சொல்லிக்கொண்டே போனாள். சொல்லச் சொல்ல அவள் பார்வை ஞானகுமாரியின் முகத்தில் நிற்காமல் பந்தலுக்கும் ஆட்டுக்கும் போய்ப்போய் வந்தது. சுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட இருக்கவில்லை. பஸ் போய்விடும் என்று எழுந்தாள். படல் வரைக்கும் போய்த் திரும்பி, "எதுனாச்சும்னா சொல்லியனுப்புக்கா, பாய்க் கடைன்னா யாருக்கும் தெரியும்," என்றாள்.

அவள் போன பிறகு ஞானகுமாரி மூட்டையை முறத்தில் அவிழ்த்தாள். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. சின்னக் கொட்டை, வெளுத்த நிறம், கண்ணில் வளையம் இல்லை. புடைத்தாள். அரைக் கொட்டைகள் வந்தன. இரண்டு கல் வந்தது. கோணி நார் ஒன்று வந்தது. வீட்டுப் பந்தலில் கையால் உரித்த காராமணியில் கல் எங்கிருந்து வரும்? இது பூந்தமல்லி மார்க்கெட்டில் மூட்டையிலிருந்து அள்ளிப் போட்டது. சைனம்பு வீட்டுக் கொடியை ஆடு மேய்ந்திருக்கும், அல்லது காய்த்ததையெல்லாம் பிள்ளைகள் தின்றிருக்கும். பால்ராஜின் வாய்க்குப் பயந்து கடையில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அவர் இல்லை என்று தெரிந்த பிறகு பயம் போய்விட்டது, ஆனால் செத்தவருக்குப் பாக்கி வைக்கக் கூடாது என்று அந்தப் பொய்யை முழுசாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

விதை வாங்கிப் போன மற்றவர்களும் இரண்டு பிடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தின்று தீர்த்தவர்கள்தான். ஆக, அந்தச் செங்காவிக் காராமணி உலகத்திலேயே இல்லை. கடைசிக் கொட்டை மூன்றாம் நாள் குழம்பில் போய்விட்டது. ஞானகுமாரி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சைனம்புவைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அவள் கூனிப்போயிருப்பாள். கேட்காமல் விட்டது நல்லது என்று தோன்றியது. இத்தனை நாளில் அவளுக்கு நல்லது என்றோ கெட்டது என்றோ ஏதாவது தோன்றியது இதுதான் முதல் தடவை.

கல்லைப் பொறுக்கி எறிந்தாள். கொட்டையைக் கழுவி, சட்டியில் தண்ணீர் ஊற்றி ஊறப் போட்டாள். போட்ட பிறகு கொஞ்சம் நின்று யோசித்தாள். புடவையைத் திருத்திக்கொண்டு படலைச் சாத்திவிட்டு, சாலையில் ஏறி, திருமழிசைக் கடைத்தெருவுக்கு நடந்தாள். மளிகைக் கடை நாகேந்திரன் அவளைப் பார்த்ததும் பழக்கத்தில் உப்புப் பாக்கெட்டை எடுத்து வைத்தான்.

"உப்பு வாணாம்பா. டீத்தூளு குடு. சக்கரயும்."

அவன் எடுத்த பாக்கெட்டோடு அப்படியே நின்றான்.

மறுநாள் வேதமுத்து வேனோடு வந்தபோது கட்டி வைத்த சாமான் எதுவும் வாசலில் இல்லை. சாக்குகள் அவிழ்ந்து கிடந்தன. அக்கா தோட்டத்தில் பந்தலுக்கடியில் குனிந்திருந்தாள். கையால் குழி பறித்து, ஊறிப் பருத்த கொட்டையை இரண்டு இரண்டாகப் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். ராத்திரி லேசாகத் தூறியிருந்ததில் மண் பதமாக இருந்தது.

"இன்னாக்கா இது? வேன் நின்னுகினு கீது."

"உள்ள போய் குந்து. வர்றேன்."

கையைக் கழுவிக்கொண்டு வந்து அவனுக்குச் சோறு போட்டாள். ஊறிய கொட்டையில் பாதி மண்ணுக்கு, பாதி குழம்புக்கு. கண்ணம்மா கொடுத்த எருமைப் பாலில் டீ போட்டு ஒரு டம்ளர் அவனுக்கும் ஒன்று தனக்குமாகக் கொண்டுவந்து வைத்தாள். வேதமுத்து டம்ளரை மூக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தான்.

"டீயா? இந்த ஊட்லயா?"

"குடி."

"வெத ஏதுக்கா?"

"கடக் கொட்ட. வந்துச்சு, போட்டேன். மொளைச்சா மொளைக்கட்டும்."

அவன் அவளையே பார்த்தான். "அப்ப நீ வர்லயா?"

"வர்ல. அங்க வந்து உங்களுக்கு ஆக்கிப் போடறதுல எனுக்கு ஒண்ணுமில்ல. ஆனா இங்க குளிக்கிற தண்ணிய வாயைக்கு உட ஆள் வேணும். வேன்காரனுக்கு ஒரு வாய் டீ குடுத்து அனுப்பு."

வேதமுத்து பெருமூச்சு விட்டான். கோபப்படலாமா என்று பார்த்தான், முடியவில்லை. டீயை ஒரு வாய் குடித்தான். சர்க்கரை கையை மீறி விழுந்திருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கடக் கொட்டய மண்ணுல போட்டு, கடத் தூள்ல டீயும் போட்டு... மாமா மட்டும் இப்ப இருந்தாருன்னா..."

சொல்லி முடிக்காமல் நிறுத்திக்கொண்டான்.

ஞானகுமாரி டம்ளரை வாயருகே வைத்தபடி தலையைத் தூக்கினாள். காது கொடுத்துக் கேட்டாள். இருந்தால் இந்நேரம் வாழைப் பக்கத்திலிருந்து குரல் வந்திருக்கும். கடையில போய் வாங்கினியா, உனுக்கு மானம் இல்லையா, எத்தினி வருசமா சொல்லிகினு கீறேன் என்று ஊரைக் கூட்டியிருப்பார். மண்வெட்டியைத் தூக்கி எறிந்திருப்பார். அவள் காத்துக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் கோழி கிளறுகிற சத்தம் மட்டும் கேட்டது. வாழை இலை ஒன்று காற்றில் கிழிந்தது.

"திட்ட மாட்டேன்றாரு வேதமுத்து," என்றாள். "இவ்ளோ பண்ணிட்டேன். திட்ட மாட்டேன்றாரு."

டம்ளர் ஆடி, டீ அவள் மடியில் கொட்டியது. சூடு தொடையைச் சுட்டது. அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். வெளியே வேன்காரன் ஹாரன் அடித்தான். வேதமுத்து எழுந்து போகவில்லை.